மேனேஜரின் கழுத்து

“இருபத்தொண்ணு,” என்றார் தையல்காரர். சொன்ன பிறகுதான் அவருக்கே தூக்கிவாரிப்போட்டது.

இன்னொரு முறை டேப்பைச் சுற்றினார். மேனேஜர் கண்ணை மூடிக் கழுத்தை நீட்டி, சவரத்துக்கு உட்கார்ந்த பெரிய மனிதரைப் போல ஒத்துழைத்தது. மறுபடியும் இருபத்தொன்றுதான்.

மேனேஜர் என்பது நாய். கடையில் எல்லோரும் வேலை செய்யும்போது தான் மட்டும் சும்மா உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துவிட்டு, சாப்பாட்டு டப்பா திறக்கும் சத்தம் கேட்டதும் முதல் ஆளாக எழுந்து வருவதால் அதற்கு அந்தப் பதவி கிடைத்திருந்தது. பெரிய தலை, தடித்த கழுத்து, அடிதடி வழக்கில் ஜாமீனில் வந்தது போன்ற முகம். குணமோ, இஸ்திரிப் பெட்டி ‘உஸ்’ என்றாலே மேஜைக்கடியில் ஒளிந்துகொள்ளும் குணம்.

போன மாதம் ஒரு நாய் இனத்தைத் தடை செய்து சட்டம் வந்திருந்தது. அந்த இனத்தின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. அது எப்படி இருக்கும் என்பதில் சட்டம் போட்டவர்களுக்கே ஒற்றுமை இல்லை. தலையைப் பார்த்தால் தெரியும் என்றார் ஒரு நிபுணர். வாலைப் பார்க்க வேண்டும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், அது நம்மைப் பார்க்கிற பார்வையிலேயே தெரிந்துவிடும் என்றார். சண்டை முற்றிக் கடைசியில் கழுத்தில் வந்து நின்றார்கள். கழுத்துச் சுற்றளவு இருபது அங்குலத்தைத் தாண்டினால் தடை நாய், தாண்டாவிட்டால் நல்ல நாய். தாண்டியதை அதிகாரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். போன நாய் திரும்பி வராது.

அந்த நினைப்பையே தையல்காரரால் தாங்க முடியவில்லை. பிள்ளைகள் வேலை, கல்யாணம் என்று கிளம்பிப் போன பிறகு நாள் முழுக்க அவர் கூடவே இருந்தது அந்த நாய்தான். மனைவியும் கூடத்தான் இருந்தாள். ஆனால் அவள் எதிர்த்துப் பேசுவாள்.

“நாய்க்கு எதுக்குண்ணே அளவு?” என்று கேட்டாள் பட்டன் அக்கா. காஜா எடுத்துப் பட்டன் தைப்பவள். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தால் உலகம் புரண்டாலும் அவளுக்குத் தெரியாது. ஆனால் வேண்டாத நேரத்தில் சரியாகக் காதைத் திறந்துவிடுவாள்.

உண்மையைச் சொன்னால் ஊரெல்லாம் பரவிவிடும் என்று பயந்தார் தையல்காரர். “கோட்டு தைக்கலாம்னு. பாவம், குளிருதுல்ல,” என்றார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

சொன்ன வாய்க்குத் தைத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. நீலத் துணியில், காலர் வைத்து ஒரு கோட்டு. பட்டன் அக்கா அதற்கு நான்கு பொன்னிறப் பட்டன் தைத்தாள்.

மறுநாள் மேனேஜரைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனார். டாக்டரம்மா ஏற்கெனவே நொந்துபோயிருந்தார். சட்டம் வந்ததிலிருந்து வாந்தி, சொறி என்று ஒரு நாய் வரவில்லையாம். வருவதெல்லாம் கழுத்து கேஸ்தானாம். இளைக்க ஊசி இருக்கிறதா என்று கேட்கிறார்களாம். கொஞ்சம் வெட்டித் தைக்க முடியுமா என்றுகூட ஒருவர் கேட்டுவிட்டாராம்.

“இதுக்கு யார் அளந்தது?” என்றார் டாக்டரம்மா.

“நான்தாங்க.”

“நீங்களே அளந்துட்டா அப்புறம் நான் எதுக்கு?” என்று எடுத்த டேப்பை மறுபடி இழுப்பறையில் போட்டார். காலமெல்லாம் டேப்பும் கையுமாக இருக்கிற மனிதரைத் திருத்துவது மரியாதையில்லை என்று அவர் நினைத்தார்.

கழுத்து முடியை மழித்தால் கொஞ்சம் குறையும், சாப்பாட்டையும் பாதியாக்குங்கள் என்று அவர் சொன்ன யோசனை நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. மழித்தார்கள். முடி போனதும் உள்ளே இருந்த மடிப்பெல்லாம் வெளியே வந்து, அதுவரை ஜாமீனில் வந்தவன் போல இருந்த மேனேஜர், ஜெயிலை உடைத்துக்கொண்டு வந்தவன் போல ஆனது. வீட்டுக்கு வந்து அளந்தார். இருபத்தொன்று.

அடுத்து பட்டினி. பாதி சோறு போட்ட தட்டின் முன் மேனேஜர் வந்து நின்றது. தட்டைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. அன்றிலிருந்து மனைவி அவருக்குத் தெரியாமல் பிஸ்கட் கொடுத்தாள். பட்டன் அக்கா தன் டப்பாவில் பாதியைத் தள்ளினாள். எதிர்வரிசை பேக்கரிக்காரர் பன் போட்டார். இவர்கள் யாருக்கும் தெரியாமல் தையல்காரர் பின்கட்டில் வைத்துப் பால் ஊற்றினார். கடுமையான அந்தப் பட்டினிக்குப் பிறகு அளந்தபோது இருபத்தொன்றரை வந்தது.

“பட்டினி கிடந்தா யாராவது குண்டாவாங்களா?” என்று மனைவி ஆச்சரியப்பட்டபடி மேனேஜரின் வாயிலிருந்த பிஸ்கட் தூளைத் துடைத்துவிட்டாள்.

மழித்த கழுத்தை மறைக்க வேறு வழியில்லாமல் கோட்டை மாட்டித்தான் தெருவில் நடத்திப்போனார். அதுதான் வினையாகிவிட்டது. கொளுத்துகிற வெயிலில் காலர் வைத்த கோட்டு போட்ட நாயைப் பார்த்ததும் நாய் வளர்ப்பவர்களுக்கெல்லாம் விஷயம் விளங்கிவிட்டது. அன்று சாயங்காலமே பஸ் டிரைவர் தன் நாயோடு கடைக்குள் நுழைந்து, தொண்டையைக் கனைத்து, “இவனுக்கும் ஒரு கோட்டுக்கு அளவு பாருங்க,” என்று கண்ணடித்தார்.

அளந்தார். இருபத்தொன்று.

டிரைவர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். வீட்டில் கயிறு வைத்துப் பார்த்தபோது பத்தொன்பதுதான் வந்ததாம். பிறகு தானே சமாதானமாகி, கயிறு எங்கே, டெய்லர் கை எங்கே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

அப்புறம் வரிசைதான். பேக்கரிக்காரரின் நாய் இருபதே முக்கால். ஓய்வுபெற்ற தலைமையாசிரியையின் நாய், பார்த்தால் பூனை மாதிரி இருக்கும், அதுவே எல்லைக்கோட்டில் நின்றது. எல்லோரும் கோட்டுக்கு அளவு என்று சொல்லிக்கொண்டு வந்ததால் எல்லோருக்கும் கோட்டு தைக்க வேண்டியதாயிற்று. மனிதர்களின் துணி ஒரு பக்கம் மலையாகக் கிடக்க, தையல்காரர் ராப்பகலாக நாய்களுக்குத் தைத்தார். பட்டன் அக்கா பாட்டுக் கேட்டபடியே பட்டன் தைத்தாள்.

ஊரில் இத்தனை நாய்கள் திடீரென்று கோட்டு போட்டால் அதிகாரிக்குக் காது கேட்காமலா போகும்? கோட்டு போட்ட நாயைத்தான் முதலில் பிடித்து அளக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. ஒரே நாளில் எல்லாக் கோட்டும் கடை வாசலுக்குத் திரும்பி வந்து குவிந்தது. பாதிப் பேர் டாக்டரம்மாவிடம் ஓடினார்கள். மீதிப் பேர் அழுதுகொண்டே தங்கள் நாய்களை நாய்க் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்தார்கள். காப்பகத்து அம்மா எப்படியாவது தடை இல்லாத ஊருக்கு அனுப்பி உயிரைக் காப்பாற்றிவிடுவார் என்று பேச்சு.

தையல்காரரும் மனதைக் கல்லாக்கிக்கொண்டார். அதிகாரி இழுத்துப்போவதைவிடத் தானே கொண்டுபோய் விடுவது மேல். வழி நெடுக அவர் மேனேஜரிடம் புது ஊரின் நன்மைகளை எடுத்துச் சொன்னார். மேனேஜர் ஒவ்வொரு கம்பமாக நின்று நின்று வந்தது. காப்பகம் வந்தபோது அவருக்குக் கண் தெரியவில்லை, அவ்வளவு தண்ணீர்.

உள்ளே கால் வைக்க இடமில்லை. நாற்காலியில் நாய், மேஜைக்கு மேல் நாய், குளியலறையைத் திறந்தால் அங்கே நான்கு. நடுவில் காப்பகத்து அம்மா தலைவிரிகோலமாக நின்றார்.

“இடமே இல்ல சார். எல்லாரும் டெய்லர் அளந்தார், டெய்லர் அளந்தார்னு கொண்டுவந்து தள்ளிட்டுப் போறாங்க. யாரு சார் அந்த டெய்லரு? கையில கிடைச்சா...”

“தெரியலைங்களே,” என்றார் தையல்காரர், கழுத்தில் தொங்கிய டேப்பை மெல்லச் சட்டைக்குள் தள்ளியபடி.

அந்த அம்மா அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். அழுத முகம் நல்ல முகமாகத் தெரிந்திருக்க வேண்டும். இடம் கிடைக்கும்வரை வைத்திருங்கள் என்று இன்னும் இரண்டு நாய்களின் கயிற்றை அவர் கையில் திணித்து அனுப்பிவிட்டார். ஒரு நாயை விடப்போன மனிதர் மூன்று நாயோடு திரும்பினார். இரண்டில் ஒன்று டிரைவருடையது, மற்றது பேக்கரிக்காரருடையது. ஆனாலும் மேனேஜர் இன்னும் தன் பக்கத்தில்தான் நடக்கிறது என்பதில் அவருக்கு வெட்கங்கெட்ட சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் கடை வாசல் வரைதான். உள்ளே பெஞ்சில் இரும்பு டேப்போடு அதிகாரி உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்த கோட்டுகளின் குவியல் அவர் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. மனைவி தண்ணீர்ச் செம்போடு விறைத்து நின்றாள். செய்தி பரவி டிரைவரும் பேக்கரிக்காரரும் வாசலை அடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

“பிடிங்க,” என்றார் அதிகாரி.

மேனேஜர் கண்ணை மூடிக் கழுத்தை நீட்டியது. தையல்காரரும் கண்ணை மூடிக்கொண்டார். மனைவி அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

“பத்தொன்பதரை,” என்றார் அதிகாரி.

அடுத்து டிரைவருடைய நாய். பத்தொன்பது. பேக்கரிக்காரருடையது பதினெட்டே முக்கால். அதிகாரி டேப்பைச் சுருட்டிக்கொண்டு, இதில் எதுவும் தடை நாய் இல்லை, நீங்கள் எல்லோரும் ஏன் இழவு வீட்டில் நிற்பது போல நிற்கிறீர்கள் என்று கேட்டார்.

டிரைவர் ஓடிவந்து தன் நாயைக் கட்டிக்கொண்டு விம்மினார். விம்மி முடித்ததும் மெல்லத் திரும்பித் தையல்காரரைப் பார்த்தார்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அதிகாரிக்கு ஒரு கும்பிடு போட்டு வாசல்வரை வழியனுப்பியிருப்பார்கள். தையல்காரருக்குத் தொழில் மானம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“உங்க டேப் தப்பு சார்,” என்றார்.

மனைவி அவர் முதுகில் கிள்ளினாள். அவர் நிறுத்தவில்லை. தன் அளவைப் பற்றி இதுவரை ஒரு மனிதர் குறை சொன்னதில்லை என்றும், தன்னிடம் தைத்த துணி யாருக்கும் இறுக்கிப் பிடித்ததாகச் சரித்திரமே இல்லை என்றும் குரலை உயர்த்தினார். பேசப் பேச மேனேஜரின் உயிர் ஊசலாடுவது அவருக்கு மட்டும் தெரியவில்லை.

“சரி, உங்க டேப்லயே அளங்க,” என்றார் அதிகாரி.

தையல்காரர் சட்டைக்குள்ளிருந்து டேப்பை உருவினார். மேனேஜரின் கழுத்தைச் சுற்றினார், இழுத்தார், கட்டை விரலை அழுத்தினார், தெருவுக்கே கேட்கும்படி, “இருபத்தொண்ணரை,” என்றார்.

அதிகாரி குனிந்து அந்தக் கட்டை விரலைப் பார்த்தார். டிரைவர் குனிந்து பார்த்தார். பேக்கரிக்காரரும் பார்த்தார். விரல் இருந்தது பத்தொன்பதரையில்.

மூன்று பேரும் நிமிர்ந்து தையல்காரரைப் பார்த்து முழித்தார்கள். மூலையில் பட்டன் அக்கா காதிலிருந்து பாட்டைக் கழற்றி, பல்லால் நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, இவ்வளவு பேர் எதற்கு இப்படி முழிக்கிறார்கள் என்று புரியாமல் அதிகாரிக்கு விளக்கம் சொன்னாள்:

“கோட்டுக்கு அளவுன்னா அண்ணன் எப்பவும் ரெண்டு இன்ச் சேர்த்துத்தான் சொல்லுவாரு சார். துவைச்சா சுருங்குமில்ல?”