சம்மதப் படிவத்தின் மேல் நான் இருமியது பற்றி

மதிப்பிற்குரிய பேச்சுப் பயிற்சியாளர் அம்மாவுக்கு,

குரல்வளையை எடுத்த பிறகு உங்களிடம் பேசப் பழகிய தையல்காரன் வணக்கத்துடன் எழுதுவது. நலம். தங்கள் நலமும் குறையாமல் இருக்கட்டும். இதையே என் ராஜினாமாவாக வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்த நோயாளிக்கும் தைரியம் சொல்ல என்னை அனுப்ப வேண்டாம்.

நாளைக் காலை ஏழு மணிக்குக் குரல்வளையை எடுக்கும் ஆபரேஷன், பஸ் கண்டக்டர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, தள்ளிப்போட்டால் கட்டி மூச்சையே அடைத்துவிடும், நீங்கள் பேசிக் காட்டினால் மனசு மாறுவார் என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் அந்த அறைக்குப் போனேன். குரல் தரும் கருவியைக் கழுத்தில் அழுத்தி வணக்கம் சொன்னேன். மனிதர் மிரண்டுபோய்ப் பெண்டாட்டியைப் பார்த்தார். பிறகு கரகரத்த குரலில், "இப்படிப் பேசினா இவளுக்கு என்ன புரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வாயெடுத்தேன், இருமல் வந்துவிட்டது. மரியாதை தெரிந்தவனாக வாயைப் பொத்திக்கொண்டேன். என் இருமல் வாய் வழியாக வருவதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது என்பது அந்த நேரம் பார்த்து மறந்து தொலைந்தது. கழுத்துத் துளையிலிருந்து புறப்பட்டது நேராகப் படிவத்தில், கையெழுத்துப் போடவேண்டிய இடத்திலேயே விழுந்தது. துடைக்கப் போனேன், தாள் கிழிந்தது.

அதற்குள் என் வீட்டுக்காரி போன். வாசலில் நிற்கிறாளாம், சாவி எங்கே என்றாள். ஆணியில் பார் என்றேன். பூட்டின வீட்டுக்குள்ளே இருக்கிற ஆணியை எப்படிப் பார்ப்பது என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்து, வந்த வேலையை மறந்து, கருவி அலற அலறச் சண்டை போட்டேன். அவளும் ஸ்பீக்கரில் அறை முழுக்கக் கேட்கும்படி வார்த்தைக்கு வார்த்தை திருப்பிக் கொடுத்தாள். பாதியில் கருவியின் பேட்டரி தீர்ந்தது. நிமிர்ந்து பார்த்தால் கண்டக்டர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவர் பெண்டாட்டி கதவைக் காட்டினார்.

அவருக்கு ஏதாவது ஆனால் பாவம் என் தலையில்தான். மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன் அம்மா. உங்கள் கைராசி மற்றவர்களுக்காவது பலிக்கட்டும்.

இப்படிக்கு,
இனி வாய் திறக்காத தையல்காரன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது கண்டக்டரின் பெண்டாட்டி மூச்சிரைக்க என்னைத் தேடி வந்தார். புதுப் படிவம் வாங்கிக் கண்டக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். "உங்க வீட்டம்மா ஒரு வார்த்தை விடாம புரிஞ்சுக்கிட்டுத் திட்டினாங்கல்ல, அது போதும்னுட்டாரு" என்றார். ராஜினாமாவைக் கிழித்துப் போடுங்கள். அடுத்த நோயாளி யார் என்று சொல்லி அனுப்புங்கள். நான் ஓடவேண்டும். சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது, அவள் இன்னும் வாசலில் நிற்கிறாள்.