பஞ்சாட்சரத்தின் இருபது கிலோ

உத்திரமேரூர் பஜாரில் நெல் மண்டி வைத்திருக்கும் பஞ்சாட்சரம் அந்த வருஷம் கார்த்திகையில் ஒரு சபதம் எடுத்தார். பெண்டாட்டி சுலோச்சனாவை ஏரோப்பிளேனில் காஷ்மீருக்குக் கூட்டிப் போவது. பத்தே நாளில் அதே ஏரோப்பிளேனில் பத்திரமாகத் திருப்பிக் கூட்டி வந்துவிடுவது.

சபதத்தின் முதல் பாதி ஊருக்காக. அந்த பஜாரில் ஏரோப்பிளேனை அண்ணாந்து பார்த்தவர்கள் உண்டு, ஏறியவர்கள் இல்லை. இரண்டாவது பாதி வயிற்றுக்காக. சுலோச்சனா இல்லாத வீட்டில் மனுஷனுக்கு வெந்நீர் போடக்கூடத் தெரியாது. ஒரு தடவை அவள் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தபோது காப்பி போடுகிறேன் பேர்வழி என்று இறங்கினார். அந்தப் பால் பாத்திரத்தை அப்புறம் மாட்டுக்குத் தண்ணி காட்டத்தான் வைத்துக்கொண்டார்கள்.

பயணத்துக்குக் காரணம் மகள் பவளம். தலைப்பிரசவம். புருஷன் முத்துவேல் ராணுவத்தில் இருக்கிறான். ஸ்ரீநகரில் குவார்ட்டர்ஸ். அவ்வளவு தூரம் பிரயாணம் கூடவே கூடாது என்று அங்கே லேடி டாக்டர் சொல்லிவிட்டாள். பெண் தாய் வீட்டுக்கு வர முடியாவிட்டால் தாய்தானே போகணும்?

"போலாம். பொண்ணைப் பாரு. லேகியம் கிளறிக் குடு. பொங்கலுக்கு முன்னாடி திரும்பிடணும். தையில அறுப்பு. மண்டியில மூட்டை வந்து நிக்கும்."

"பொறக்கறதே தை கடைசின்னு சொல்லிகினு கீறாங்க."

"பொறக்கட்டும். நாம பக்கத்துல இல்லேன்னா வெளிய வரமாட்டேன்னு சொல்லுதா அது?"

"மொதப் புள்ளைங்க. அவ வலி எடுத்துக் கத்தசொல்ல பக்கத்துல நான் இல்லேன்னா, அப்பால எனக்குச் சோறு எறங்குமா?"

"நீ அங்கியே குந்திகினா எனக்கு இங்க சோறே கெடையாது. அதை ரோசனை பண்ணியா?"

சுலோச்சனா ரோசனை பண்ணினாள்.

இதற்கு நடுவில் ஸ்கீ ஒன்று இருந்தது. முத்துவேலுக்கு அங்கே வேலை, சிப்பாய்களுக்குப் பனிமலையில் சறுக்கக் கற்றுக்கொடுப்பது. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார வாத்தியார் அவனுக்கு ஒரு ஜோடி ஸ்கீயைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஆளை விட உயரமான இரண்டு பலகை, முனையில் வளைந்த மூக்கு, கூடவே இரண்டு கோல், இரும்பாட்டம் ஒரு பூட்ஸ். போன லீவில் மாமனார் ஊருக்குக் காட்டலாம் என்று கொண்டு வந்தான். வந்த மூன்றாம் நாள் தந்தி வந்து அவசரமாகத் திரும்பியவன் ஸ்கீயை மாமனார் வீட்டுக் கூடத்திலேயே சாத்திவிட்டுப் போய்விட்டான். பக்கத்து வீட்டு வேதகிரி வந்து பார்த்து, "வயலுக்குப் பரம்படிக்கவா? பலகை ரொம்ப ஒல்லியா கீதே" என்று கேட்டுவிட்டுப் போனார். போகிற போக்கில் அதையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

பஞ்சாட்சரம் டிக்கெட் வாங்க மெட்ராஸுக்கு நேரிலேயே போனார். கம்பெனி ஆபீசில் சாமான் சட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தார். வந்தவர் நடந்த நடையைப் பார்த்தால் அந்தச் சட்டத்தை இவர்தான் எழுதிக் கொடுத்தாரோ என்று தோன்றும்.

"ஆளுக்கு இருபது கிலோ. அதுக்கு மேல ஒரு சுண்டக்கா கூடக் கெடையாது. ஆனா ஸ்கீ பை தனி! அதுக்கு எடையே இல்ல. ஒடம்புல போட்டுக்கினு போறதுக்கும் எடை இல்ல. சட்டம் தெரிஞ்சவனை எவனும் ஏமாத்த முடியாது, தெரிஞ்சிக்கோ."

"ஸ்கீ பைக்கு எடையே இல்லீங்களா?" என்றாள் சுலோச்சனா.

"இல்லவே இல்ல."

அவள் அடுப்பங்கரைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்தாள்.

"இன்னாங்க, அம்மி எடுத்துக்கினு போவணும்."

"இன்னாது?"

"அம்மி. கொழவி."

"ஏரோப்பிளேன் இன்னா கட்டை வண்டியாடி?"

"புள்ள பெத்தவளுக்கு மருந்து அரைக்க வேணாமா? மிஷின்ல அரைச்சா சூடேறி மருந்து கெட்டுப்பூடும்."

"அம்மி மட்டுமே இருபது கிலோவுக்கு மேல வரும். கெடையாது."

"நான் மிதிச்ச அம்மிங்க. கல்யாணத்தன்னிக்கு நீங்க காலைப் புடிச்சி வெச்சீங்களே, அது."

"மிதிச்சே இல்ல? அத்தோட வுடு."

"சரிங்க" என்றாள் சுலோச்சனா.

அவள் 'சரிங்க' என்று சொன்னால் மனுஷன் அன்றைக்கே உஷாராகியிருக்க வேண்டும். முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியும் அந்த ஒரு விஷயம் மட்டும் அவர் மண்டையில் ஏறவே இல்லை.

மார்கழி பிறந்தது. மண்டியிலிருந்து நல்ல கோணிகளாகப் பார்த்து எடுத்துச் சுலோச்சனாவே ஸ்கீக்குப் பை தைத்தாள். பஞ்சாட்சரம் இரண்டு பெட்டிகளையும் மண்டித் தராசில் ஏற்றினார். கொஞ்சம் கூடுதலாகக் காட்டியதும் முறுக்கு டப்பாவைத் திறந்து, நின்ற இடத்திலேயே முறுக்கைத் தின்று எடையைச் சரிபண்ணினார். ஸ்கீ பையை மட்டும் தொடவே இல்லை. சட்டம்தான் இருக்கிறதே!

வாடகைக் காரில் சாமான் ஏற்ற வந்தார் மண்டியில் மூட்டை தூக்கும் இருசப்பன். பெட்டிகளை ஒரு கையால் தூக்கிப் போட்டார். ஸ்கீ பையைத் தூக்கியபோது முதுகு வளைந்தது.

"மொதலாளி, இது ரொம்பக் கனமா கீதே."

"மிலிட்டரி சாமான், இருசப்பா. நெல்லு மூட்டை மாதிரியா இருக்கும்?"

இருசப்பன் சுலோச்சனாவைப் பார்த்தார். சுலோச்சனா முருங்கை மரத்தைப் பார்த்தாள். பை காரில் ஏறியது.

மீனம்பாக்கத்தில் கவுண்டரில் இருந்த பையன் மாதிரியான ஆபீசரும் பையைத் தூக்கிப் பார்த்தார். பை அசையவில்லை. இன்னொருத்தரைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாகத் தூக்கினார்கள்.

"என்ன சார் இருக்குது உள்ள?"

"ஸ்கீ."

"ஸ்கீ இவ்வளவு கனம் இருக்காதே."

"நீங்க கால்ல மாட்டிப் பாத்துக் கீறீங்களா?"

"இல்ல சார்."

"நான் பாத்துக்கீறேன்." இது சுத்தப் புளுகு. ஆனால் சொன்ன தோரணையில் அவருக்கே அது நிஜமாகிவிட்டது. "உங்க ஆபீஸ்ல இன்னா சொன்னாங்க? ஸ்கீ பைக்கு எடை கெடையாதுன்னு சொன்னாங்களா, இல்லியா?"

"சொல்லியிருப்பாங்க சார். ஆனா..."

"ஆனா இன்னா ஆனா? சட்டத்துல ஆனா கீதா?"

"சொந்தமா ஸ்கீ பண்றவங்களுக்குத்தான் சார் அந்தச் சலுகை. யாரு பண்றது?"

"நான்தான்."

ஆபீசர் நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். வேட்டிக்கு மேலே முன்னால் வந்து நின்ற தொந்தியைப் பார்த்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. பேசாமல் சீட்டைக் கட்டிப் பையை உள்ளே தள்ளிவிட்டார்.

"நீங்க இல்லேன்னா இது ஏறியிருக்குமா!" என்றாள் சுலோச்சனா. இவ்வளவு மரியாதையாக அவள் பேசிப் பஞ்சாட்சரம் கேட்டதே இல்லை. டெல்லி போய்ச் சேரும்வரை அந்த சந்தோஷத்திலேயே அவருக்குப் பயம் தெரியவில்லை.

ஸ்ரீநகரில் முத்துவேல் பையின் தையலைப் பிரித்தான். ஸ்கீ வந்தது. கோல் வந்தது. பூட்ஸ் வந்தது. இரண்டு கட்டு முருங்கைக்காய் வந்தது. அப்புறம் அவன் மூச்சுப் பிடித்து இழுத்தான். பழைய புடவை சுற்றிய அம்மி வந்தது. பின்னாலேயே குழவி உருண்டு வந்தது.

"அடிப்பாவி!"

"என்னை ஏங்க திட்றீங்க? நீங்கதானே அவ்ளோ வாதாடி ஏத்தினீங்க?"

"மாமா, இந்த மலைக்கு ஏரோப்பிளேன்ல அம்மி கொண்டாந்த மொத ஆளு நீங்கதான்" என்று முத்துவேல் ஒரு சல்யூட் அடித்தான். பஞ்சாட்சரம் யோசித்துப் பார்த்தார். அதுவும் ஒரு பெருமைதான். மீசையைத் தடவிக்கொண்டார்.

அடுத்த நாட்களில் சுலோச்சனாவே அவரைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனாள். "வேதகிரி அண்ணனுக்கு ஒரு கம்பளி வேணாமா? அவரு பொண்டாட்டி ஜெயம்மாளுக்கு? மண்டியில இருக்கறவங்களுக்கு?" கேட்கக் கேட்க வாங்கினார். ஊருக்கு வெறுங்கையோடு போய் நின்றால் ஏரோப்பிளேனில் போனதை எவன் நம்புவான்? இரண்டு டிக்கெட்டுக்கும் உண்டான நாற்பது கிலோவும் கம்பளியாலேயே நிரம்பிவிட்டது.

புறப்படுவதற்கு முந்தின நாள் சுலோச்சனா அம்மி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இது எப்பிடிங்க வரும்?"

"வந்த மாதிரிதான். ஸ்கீ பையில போடு."

முத்துவேல் தொண்டையைக் கனைத்தான். "மாமா, ஸ்கீ இங்கதானே இருக்கும்? ஸ்கீ இல்லாத பை வெறும் கோணிதான். எடை போட்டுடுவாங்க."

பஞ்சாட்சரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் சட்டம் தெரிந்தவர் இல்லையா, சமாளித்துக்கொண்டார். "அப்போ இங்கியே கெடக்கட்டும். நீ சித்திரையில லீவுல வரசொல்ல ஸ்கீயோட எடுத்துக்கினு வா."

சுலோச்சனா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "நான் மிதிச்ச அம்மிய அநாதையா வுட்டுட்டு வரணுமா? மாட்டேன். அது எப்ப வருதோ, அப்பத்தான் நானும் வருவேன்."

"இன்னாடி பேஜாரு பண்றே! அப்போ கம்பளிய எறக்கிட்டு அம்மிய ஏத்தட்டுமா?"

"ஏத்துங்க. வேணாம்னா சொன்னேன்? ஊர்ல கேட்டா கம்பளிக்குப் பதிலா அம்மிய காட்டுங்க."

பஞ்சாட்சரம் கண்ணை மூடினார். பஜார் முழுக்கச் சிரிப்பது காதில் கேட்டது. கண்ணைத் திறந்தார்.

"சரி. நீ அம்மியோட இரு. கம்பளி எங்கூட வருது."

"அத்தை வரலேன்னா உங்களுக்கு இருபது கிலோதான் மாமா" என்றான் முத்துவேல்.

அங்கேதான் பஞ்சாட்சரம் சிரித்தார். யாரிடம் வந்து சட்டம் பேசுகிறான்? ஒடம்பில் போட்டுக்கொண்டு போவதற்கு எடை இல்லையே! மறுநாள் பாதிக் கம்பளிகளைப் பெட்டியில் போட்டு, மீதிக் கம்பளிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு ஏரோப்பிளேன் ஏறினார். இரண்டு கையும் உடம்போடு ஒட்டிக்கொண்டதால் பக்கத்துச் சீட்டுக்காரர்தான் அவருக்கு நாஷ்டா ஊட்டிவிட்டார். மீனம்பாக்கத்தில் இறங்கும்போது வேர்வை வேட்டி வழியாகச் சொட்டியது. ஆனால் ஒரு கிலோ கூட விட்டுக்கொடுக்கவில்லை. தலை நிமிர்ந்துதான் நடந்தார்.

ஊரில் கம்பளி கொடுத்து முடித்தார். "வர்றேன் வர்றேன்னு ஒரே அழுகை. நான்தான் பொண்ணுக்குத் தொணையா இருன்னு கண்டிப்பா சொல்லிட்டு வந்தேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்து, அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்பும் அவரைப் பார்த்தது.

வாசலில் சத்தம். வேதகிரியின் பெண்டாட்டி ஜெயம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் இருசப்பன். அவர் தோளில் ஒரு அம்மி.

"இதை எங்க வெக்கறதுண்ணா?"

"இன்னாம்மா இது?"

"உங்க வூட்டு அம்மிதாண்ணா."

"எங்க வூட்டு அம்மி காஷ்மீர்ல கீது."

"அது புதுசுண்ணா. நீங்க மெட்ராஸ் போயி டிக்கெட் வாங்கியாந்தீங்களே, அதுக்கு மறுநாள் கல்லு கொத்தறவங்க கிட்ட அண்ணி வாங்குச்சு. மிதிச்ச அம்மிய யாராச்சும் ஊரு வுட்டு ஊரு தூக்கிகினு போவாங்களா? பத்திரமா எங்க வூட்ல வெச்சிட்டுப் போச்சு."

பஞ்சாட்சரம் அம்மியைப் பார்த்தார். முப்பது வருஷமாக அதில் அரைத்ததைத் தின்றிருக்கிறார். அம்மியை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். நடுவில் நன்றாகத் தேய்ந்து பள்ளமாக இருந்தது.

"பொங்கலுக்கு முன்னாடி அவுரு மட்டும் தனியா வருவாரு, வந்தவொடனே குடுத்துடுன்னு சொல்லுச்சுண்ணா." ஜெயம்மாள் முந்தானையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து அம்மிமேல் வைத்தாள். "இதையும் சேத்துக் குடுக்கச் சொல்லுச்சு. சட்னிக்கு. நான் ஒடைச்சிக் குடுத்துட்டுப் போட்டுமா, இல்ல அதையும் நீங்களே பாத்துக்கறீங்களா?"