மாமியின் மில்லுக்கு நான் வாங்கிய பேரிங்

வெட்கப்படுகிறவனை ஊர் நல்லவன் என்று நம்பிவிடுகிறது. வாயைத் திறக்காததால் அவனுடைய மடத்தனம் வெளியே வராமல் கிடக்கிறது, அவ்வளவுதான். முப்பது வயது வரைக்கும் நானும் அப்படி நல்லவனாக இருந்தேன். பிறகு ஒரு பேரிங் வாங்கப் போனேன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மண்டூருக்குப் பக்கத்தில் உழவு மெசின் திருத்தும் இடமொன்றில் வேலை. வேலை என்றால், கழற்றிப் போட்ட சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவுவது, கேட்ட நட்டுச் சாவியை எடுத்துக் கொடுப்பது. ஒன்றைக்கூட நானாகத் திருப்பிப் பூட்டியதில்லை. கலியாணத் தரகர் இதையெல்லாம் நன்றாக விசாரித்துத் தெரிந்துகொண்டு, தேற்றாத்தீவில் பெண் வீட்டுக்குப் போய், "மாப்பிள்ளை மெக்கானிக். சத்தத்தக் கேட்டே மெசினுக்கு என்ன வருத்தமெண்டு சொல்லுவான்" என்று சொல்லிவிட்டு வந்தார். நான் மறுத்திருக்கலாம். மறுப்பதற்கு வாயைத் திறக்க வேண்டுமே.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருப்பான். நானும் ஒரு பெட்டியோடு பாதையில் ஏறி (வாவியைக் கடக்கிற இரும்பு மிதவையைத்தான் பாதை என்கிறோம்) இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தேன். வீட்டோடு ஒட்டினாற்போல் ஒரு மில். அதில் இரண்டு மெசின்கள். ஒன்று அரிசி மாவுக்கு, மற்றது மிளகாய்த்தூளுக்கு. மாமா காலமான பிறகு மாமிதான் தனியாளாக நடத்திவந்தார். வீட்டு அடுப்பு எரிவது அந்த மில்லால்தான்.

மாமி புது மருமகனோடு நேரே கதைக்கமாட்டார். அந்தக் காலத்து மரியாதை. என் மனைவி சுகந்திதான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். நான் சாப்பிட உட்கார்ந்தால் மாமி கதவுக்குப் பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் சோறு போடவாவெண்டு கேள் புள்ள" என்பார். மூன்றடி தூரம். என் காதில் தெளிவாக விழும். ஆனாலும் சுகந்தி என் பக்கம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் சோறு போடவாம்?" என்று கேட்க வேண்டும். "காணுமெண்டு சொல்லு" என்று தட்டைக் கையால் மறைப்பேன். அவள் மறுபக்கம் திரும்பி, "காணுமாம்" என்பாள். ஒரு அகப்பைச் சோற்றுக்கு இவ்வளவு பாடு.

சித்திரை வருடப் பிறப்புக்கு இரண்டு கிழமை இருக்கும்போது மிளகாய் மெசினின் பேரிங் போய்விட்டது. வருடத்தில் மில்லுக்குக் கூட்டம் வருவதே அந்த நாட்களில்தான். அயலவர்கள் எல்லாம், "அவட மருமகன் மெக்கானிக்தானே, என்ன கவல?" என்று சொல்லிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். பேரிங்கைக் கழற்ற எனக்குக் காலையிலிருந்து பின்னேரம் வரை எடுத்தது. (கவனமாக வேலை செய்கிற பிள்ளை என்றார்கள். எந்தப் பக்கம் தட்ட வேண்டும் என்று தெரியாமல் நின்றேன்.)

பழைய பேரிங்குக்கு இரண்டு பக்கமும் கறுப்பு ரப்பர் மூடி. மாமி சொல்லியனுப்பியதை அன்றைக்குச் சுகந்தி ஒரு சொல்கூடக் குறைக்காமல் சொன்னாள். "இதே மாதிரி ரப்பர் மூடி போட்டதுதான் வேணுமாம்." எனக்கு மனதுக்குள் சிரிப்பு. மிளகாய் அரைக்கிற மனுசிக்குப் பேரிங்கைப் பற்றி என்ன தெரியும்? நான் ஆயிரம் பேரிங்கைக் கழுவியவன்.

மட்டக்களப்பு டவுனில் பேரிங் கடை. கடைக்காரர் காத்தான்குடி ஆள். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம். பழைய பேரிங்கின் இலக்கத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "என்னத்துக்குப் போடப் போறீங்க தம்பி?" என்று கேட்டார்.

எனக்குப் பக்கத்தில் இரண்டு பேர் கையெல்லாம் கறுப்பு எண்ணெயோடு நின்றார்கள். உண்மையான மெக்கானிக்குகள். அவர்களுக்கு முன்னால் 'மாமியின் மிளகாய் மெசினுக்கு' என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் இன்னொரு கேள்வி வரும். அதற்குப் பதில் தெரியாமல் நான் முழிக்க வேண்டிவரும்.

"மெசினுக்கு" என்றேன்.

"மெசினுக்கெண்டு தெரியும் தம்பி. மாட்டுக்குப் போட ஒருத்தரும் பேரிங் வாங்குறல்ல."

அந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். கடைக்காரர் ஒரே அளவில் இரண்டு பேரிங்கை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றுக்கு ரப்பர் மூடி. மற்றதுக்குத் தகர மூடி, கண்ணாடிபோல மினுங்கியது. நான் பெரிய ஆள்போல இரண்டையும் விரலில் கோத்துச் சுற்றிப் பார்த்தேன். ரப்பர் மூடி போட்டது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சோம்பேறிபோல நின்றது. தகர மூடி போட்டது விர்ரென்று சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்குத் தீர்ப்பு விளங்கிவிட்டது. நன்றாகச் சுற்றுவதுதானே நல்ல பேரிங்?

"தூசி இருக்கிற இடமெண்டா ரப்பரக் கொண்டு போங்க" என்றார் அவர்.

தூசியா? எங்கள் மாமி மில்லை ஒரு நாளைக்கு மூன்று தரம் கூட்டுகிறவர். தூசி என்றால் எனக்குத் தெரிந்தது றோட்டில் பறக்கிறது. அரிசி மாவும் மிளகாய்த்தூளும் நாம் சாப்பிடுகிற சாமான். சாப்பிடுகிற சாமானை யாராவது தூசி என்பார்களா?

"தூசியே இல்ல காக்கா" என்று சொல்லித் தகர மூடியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சுகந்தியின் முன்னால் பேரிங்கைச் சுற்றிக் காட்டினேன். கதவுக்குப் பின்னாலிருந்து மாமியும் பார்த்தார். பிறகு மகளைக் குசினிக்குள், அடுப்படிக்குக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். கொஞ்சம் நீளமாகவே சொன்னார். சுகந்தி வெளியே வந்தாள்.

"என்னவாம்?"

"நல்லமாம்" என்றாள்.

(மாமி உண்மையில் சொன்னது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது. "ரப்பரெண்டுதானே சொன்னன்? இது மிளகாயத் திண்டுபோட்டுக் கத்தப்போகுது. திருப்பிக் கொண்டுபோய் மாத்திக்கொண்டு வரச் சொல்லு." கலியாணமாகி இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு பெண் இதை எப்படிப் புருசனிடம் சொல்லுவாள்? வடித்து, ஆறவைத்து, ஒரு சொல்லாக்கித் தந்துவிட்டாள்.)

மெசின் சத்தமில்லாமல் ஓடியது. ஊர் பாராட்டியது. நான் சட்டைப் பையில் ஒரு சாவியைச் செருகிக்கொண்டு திரியத் தொடங்கினேன். அது எந்த நட்டுக்கும் சேராத சாவி.

ஏழாம் நாள் மெசின் லேசாக முனகியது. மாமி மகளின் காதில் ஏதோ சொல்ல, மகள் என்னிடம் வந்து, "இஞ்சேருங்க, சத்தம் ஒரு மாதிரி இருக்காம், நேரமிருந்தாப் பாக்கட்டாம்" என்றாள். பார்த்தேன். பேரிங்கின் வெளியில் கை நிறையக் கிறீசை அள்ளி அப்பிவிட்டேன். அதற்குப் பிறகு பறந்துவந்த தூளெல்லாம் வேறெங்கும் போகாமல் அந்தக் கிறீசில் வந்து குந்தியது. ஒன்பதாம் நாள் முனகல் உறுமலானது. மாமி நீளமாகச் சொன்னார். சுகந்தி, "கொஞ்சம் சூடாகுதாம்" என்றாள். சூடாகாமல் மெசின் எப்படி ஓடும் என்று கேட்டேன். அவள் அதை எப்படி வடித்துக் கொண்டுபோய்ச் சொன்னாளோ, குசினியில் ஒரு சட்டி பலமாகக் கீழே வைக்கப்பட்டது.

வருடப் பிறப்புக்கு முதல் நாள் காலை. மில்லுக்குள் நிற்க இடமில்லை. ஆளுக்கொரு பேசினில் செத்தல் மிளகாய். கூட்டத்தில் முன்னுக்கு நின்றவர் யார் தெரியுமா? என்னை மெக்கானிக் ஆக்கிய அதே தரகர். "எப்பிடி நான் கொண்டு வந்த மாப்பிள?" என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு நின்றார்.

அவருடைய மிளகாயைக் கொட்டியதும் பேரிங் கத்தியது. கழுத்தைப் பிடித்த கோழிகூட அப்படிக் கத்தாது. பிறகு அதைச் சுற்றி அப்பியிருந்த கிறீசும் தூளும் சேர்ந்து வறுபடத் தொடங்கின. வீட்டில் ஒரு மிளகாய் அடுப்பில் விழுந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே பதினொரு நாள் தூள். முதலில் ஒருவர் தும்மினார், பிறகு வரிசையே தும்மியது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மெக்கானிக் ஏதாவது செய்ய வேண்டும். நான் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி அப்படியே அதன்மேல் ஊற்றினேன்.

அதுவரை வந்தது வெறும் புகை. தண்ணீர் பட்டதும் எழும்பியது மிளகாய் ஆவி. பெண்கள் பேசினைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். தரகர் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடி, வழியில் எங்கள் வாழைமரமொன்றைக் கட்டிப்பிடித்து, "தண்ணி! தண்ணி ஊத்துங்க!" என்று அதனிடம் கெஞ்சினார். அடுத்த வீட்டு வளவு நாய்கூடத் தும்மியது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

மாமி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய் மெயின் சுவிச்சை அணைத்தார். வெளியே வந்தார். கண் இரண்டும் சிவந்து வடிந்தன. ஊர் பார்த்திருக்க, கதவும் இல்லாமல், மகளும் இல்லாமல், நேரே என் முகத்தைப் பார்த்து முதன்முதலாகக் கதைத்தார்.

"மகன், நீங்க உண்மையா மெக்கானிக்கா?"

இந்த இடத்தில் ஒரு ஆண்பிள்ளை என்ன செய்திருப்பான்? தலையைக் குனிந்து உண்மையைச் சொல்லியிருப்பான். நானும் சொன்னேன். ஆனால் பழக்கம் விடவில்லை. பக்கத்தில் நின்ற சுகந்தியின் பக்கம் திரும்பி, "இல்லையெண்டு சொல்லு" என்றேன்.

சுகந்தி தும்மினாள். கண்ணைத் துடைத்தாள். தாயின் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் கொஞ்சம் பழகோணுமாம்" என்றாள்.

முதலில் சிரித்தது யார் என்று இன்றுவரை தெரியாது. இருமலும் சிரிப்பும் ஒன்றாக வந்ததால் பிரித்தறிய முடியவில்லை. சிரிக்காதவர் மாமி மட்டும்தான். கூட்டம் அடுத்த ஊர் மில்லுக்குப் போனது. எங்கள் வருடப் பிறப்பு வருமானமும் அதோடு போனது.

மெசின் ஆறியதும் மாமியே பேரிங்கைக் கழற்றினார். எனக்கு ஒரு பகல் பிடித்த வேலை, அவருக்கு ஒரு வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம். கத்தி முனையால் தகர மூடியை நெம்பி என் முன்னால் நீட்டினார். குண்டுகளுக்கு இடையில் மிளகாய்த் துவையல்போலச் சிவப்பாக, எண்ணெயாக, இறுகிப்போய்க் கிடந்தது.

"பாருங்க மகன். சம்பல்."

பிறகுதான் விளங்கப்படுத்தினார். தகர மூடி உள்வளையத்தில் முட்டாது. மயிரிழை இடைவெளி விட்டு நிற்கும். அதனால்தான் விர்ரென்று சுற்றுகிறது. அந்த இடைவெளியால்தான் தூளும் போகிறது. ரப்பர் மூடி உரசிக்கொண்டு நிற்கும், அதனால் சுற்றக் கொஞ்சம் சோம்பிப் பஞ்சிப்படும். ஆனால் உள்ளே ஒன்றையும் விடாது.

அன்றைக்கே திரும்ப மட்டக்களப்புக்கு ஓடினேன். கடைக்காரர் என்னை மறக்கவில்லை. "மெசினுக்கா, மாட்டுக்கா?" என்றார். கடை நிறைய ஆட்கள்.

"மாமிட மிளகாய் மெசினுக்கு!" என்று கத்தினேன். தெருவில் போனவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்தச் சம்பல் பேரிங் இன்றும் மில்லில், சுவிச்சுக்கு மேலே ஒரு ஆணியில் தொங்குகிறது. வீட்டில் யார் எதைக் கெடுத்தாலும், சோற்றைக் கருக்கினாலும், பரீட்சையில் கோட்டை விட்டாலும், பதில் ஒன்றுதான்: "இன்னும் கொஞ்சம் பழகோணுமாம்." மாமி அன்றைக்கு என்னோடு நேரே கதைக்கத் தொடங்கியவர், இன்னும் நிறுத்தவில்லை.

போன மாதம் அதே தரகர் (கிழவனாகிவிட்டார், மில் பக்கம் வந்தால் இப்போதும் மூக்கைப் பொத்துவார்) என் மகளுக்கு ஒரு இடம் கொண்டு வந்தார்.

"மாப்பிள இன்ஜினியர்" என்றார்.

மாமி ஆணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தரகரிடம் சொன்னார்:

"நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். பொடியனக் கூட்டி வாங்க. ரெண்டு பேரிங்க முன்னால வைப்பம். சுத்திப் பாத்து எடுத்தானெண்டா நமக்கு வேணாம். என்னத்துக்கெண்டு கேட்டானெண்டா, பிறகு கதைப்பம்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் மகளும்தான். எனக்குக் காது சுட்டது. நானும் ஏதாவது சொல்ல வேண்டுமே.

"நான் பழகிட்டன் எண்டு சொல்லு" என்றேன் சுகந்தியிடம்.

மாமி மூன்றடி தூரத்தில்தான் இருந்தார்.