மீன் தராசில் ஏறிய வெள்ளிக்கிழமை

எங்கள் ஊரில் ஒருவர் பருமனாக இருந்தால் அவருடைய எடை எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கும், அவர் ஒருவரைத் தவிர. கலியாண வீட்டில் கதிரை போடுகிறவர்கள் என்னைக் கண்டதும் பிளாஸ்டிக் கதிரையை மெல்ல இழுத்துக்கொண்டு மரக்கதிரை கொண்டுவந்து வைப்பார்கள். ஓட்டோக்காரர் “நடுவுல இருங்க ராத்தா” என்பார். (ஓரத்தில் இருந்தால் வண்டி ஒரு பக்கமாகச் சாயுமாம்.) எனக்கு மட்டும்தான் தெரியாது. தெரிந்துகொள்ள நான் பெரிதாக ஆசைப்பட்டதும் இல்லை.

நான் பள்ளிவாசல்துறையில் வீட்டிலிருந்தபடி கேக் செய்து கொடுக்கிறவள். ருசி பார்க்காமல் ஒரு கேக்கைக் கொடுத்தனுப்புவது தொழிலுக்குத் துரோகம் என்பது அந்த நாளில் என் கொள்கை. மட்டமாக்குவதற்காக மேலே வெட்டியெடுக்கிற துண்டை வீசுவது பாவம் என்பது இரண்டாவது கொள்கை. இந்த இரண்டு கொள்கையையும் பல வருடம் ஒழுங்காகக் கடைப்பிடித்ததில், முப்பத்தெட்டு வயதில் என் முழங்கால்கள் என்னோடு கோபித்துக்கொண்டன. சுஜூதுக்குப் போனால் எழும்ப ஏலாமல் கதிரையில் இருந்து தொழத் தொடங்கினேன். நோன்பு மாதம் பெண்கள் தராவீஹ் தொழுகிற இடத்தில் என் பக்கத்துக் கதிரையில் இருந்தவருக்கு எண்பது வயது. அவர் ஒருநாள் என் கையைப் பிடித்து, “நம்மட வயசுக்கு இதாவது ஏலுதே, அல்ஹம்துலில்லாஹ்” என்றார்.

அதற்குப் பிறகுதான் புத்தளத்தில் டொக்டரிடம் போனேன். சீனி வருத்தமும், அதாவது நீரிழிவு நோயும், சேர்ந்திருந்தது. அந்த இளம் டொக்டர் என் ரிப்போட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இரைப்பையைச் சிறிதாக்குகிற ஒரு சத்திரசிகிச்சை இருப்பதாகச் சொன்னார். “உடனே செய்யச் சொல்லல்ல. கொழும்புல ஒரு டொக்டர் இரிக்கார். போய்க் கண்டு கதைச்சிட்டு வாங்க.”

என் கணவர் நிஸ்தார் படகுகளில் வரும் மீனை வாங்கி லொறியில் கொழும்புக்கு அனுப்புகிறவர். எங்கள் வீட்டுக்குப் பின்னால், கடலைப் பார்த்தபடி இருக்கிறது அவருடைய மீன் வாடி, மீனை நிறுத்து ஏற்றுகிற கொட்டகை. தினமும் மீன்களின் வயிற்றைப் பிளந்து பழகிய மனிதர், என் வயிற்றைத் தொடப்போகிறார்கள் என்றதும் முகம் வெளிறிக் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு சொன்னார்:

“நீ படி ஏறக்குள்ள மூச்சு வாங்குற சத்தம் எனக்கு வாடி வரைக்கும் கேக்குது புள்ள. போய்க் கதைப்பம். ஆனா உம்மாக்கு இப்ப சொல்ல வேணாம்.”

உம்மா என்றால் அவருடைய தாய், என் மாமி. பக்கத்து வீடு. மாமி தங்கமானவர்; ஆனால் மதியம் லுஹர் தொழுகைக்கு மாமியின் காதில் போட்ட செய்தி மாலை அஸருக்கு முன்னால் கற்பிட்டியைத் தாண்டிவிடும்.

கொழும்புக்கு ஃபோன் எடுத்து நாள் குறித்தோம். அந்தப் பக்கம் ஒரு நர்ஸ், நல்ல தமிழில் கதைத்தார்.

“ஒங்கட வெயிட் எவ்வளவு?”

“தொண்ணூறு போல.”

“எப்ப நிறுத்தீங்க?”

“மகள் வயித்துல இரிக்கக்குள்ள.”

“மகளுக்கு இப்ப எத்தன வயசு?”

“பதிமூணு.”

நர்ஸ் இருமினார். “பரவால்ல, உத்தேசமாச் சொன்னாப் போதும். இஞ்ச வந்தா...” என்று தொடங்கினார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. “இல்ல மிஸ், சரியா நிறுத்துக்கொண்டே வாரன்” என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். அந்த ஒரு வசனத்தை அவர் முடிக்கும் வரை பொறுத்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

அன்றிலிருந்து சோதனைக்குப் படிக்கிற பிள்ளைபோல எடை தேடி அலைந்தேன். வீட்டில் அலுமாரிக்கு அடியில் ஒரு கண்ணாடித் தராசு கிடந்தது. ஏறி நின்றேன். எண்ணுக்குப் பதிலாக ஏதோ இங்கிலீஷ் எழுத்துகளைக் காட்டியது. மகள் குனிந்து பார்த்துவிட்டு, “உம்மா, தராசுக்கு வருத்தம் போல” என்றாள். புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவர் முள் வைத்த தராசோடு குந்தியிருப்பார். அதில் ஏறினேன். முள் ஓடியது, கடைசி எண்ணைத் தாண்டியது, பூச்சியத்தையும் தாண்டி நாலில் போய் நின்றது. “நாலு கிலோ” என்றார் அவர். சொல்லிவிட்டு அவரே என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். (வீடு வந்து சேரும் வரை சந்தோஷமாகத்தான் இருந்தது.)

யோசனை சொன்னது நிஸ்தாரை “நானா” என்று கூப்பிடுகிற அவருடைய தங்கை ரிஸானா. விஷயம் தெரிந்த மூன்றாவது ஆள் அவள்தான். முரல் மீன்போல மெலிந்தவள். பெரிய திட்டங்கள் போடுவாள்.

“மதினி, நானாட வாடியில பெரிய தராசு இரிக்கே! ஜும்ஆ நேரம் ஆம்புளைகள் எல்லாம் பள்ளியில. வாடியில ஒரு குருவியும் இரிக்காது. போனம், நிறுத்தம், வந்தம்.”

வெள்ளிக்கிழமை குத்பா பிரசங்கம் தொடங்கிய சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் பின்வாசலால் களவாளிகள்போலப் போனோம். வாடி காலியாக இருந்தது. பூனைகள் மட்டும் இருந்தன. தராசுத் தட்டைச் சீமெந்துக் கட்டின்மேல் உயர்த்தி வைத்திருந்தார்கள். ரிஸானா பின்னால் தள்ள, நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவாறு ஏறினேன். தட்டில் காலையில் கிடந்த மீனின் வழுவழுப்பு அப்படியே இருந்தது. சிவப்பு எண்கள் மேலும் கீழுமாகத் துள்ளின.

“ஆடாம நில்லுங்க மதினி.”

“நான் ஆடல்ல. தராசு ஆடுது.”

“கால் நடுங்குது ஒங்களுக்கு. இப்பிடி நிண்டா நம்பர் நிக்காது.” ரிஸானா சுற்றிப் பார்த்தாள். சுவரோரம் ஐஸ் போட்டு மீன் அடுக்குகிற நீலப் பிளாஸ்டிக் பெட்டிகள் இருந்தன. “துள்ளுற மீனையும் பெட்டிக்குள்ள வெச்சுத்தானே நிறுக்கிற? நீங்களும் உள்ள இருங்க.”

அந்த நேரத்தில் அது எனக்கு மிகவும் அறிவான பேச்சாகத் தெரிந்தது. (பசியில் இருந்தேன். கொழும்புக்குப் போகுமுன் ஒரு கிலோவாவது குறைப்போம் என்று காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை.) இருந்ததிலேயே பெரிய பெட்டியைத் தட்டின்மேல் வைத்தாள். நான் அதற்குள் இறங்கி இருந்தேன். சரியாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே சரியாக இருந்தது. எண்கள் துள்ளலை நிறுத்தின. ரிஸானா வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எவ்வளவுடி?”

“எழும்பி வாங்க மதினி, வீட்ட போய்க் கதைப்பம்.”

நான் எழும்பினேன். அதாவது, எழும்ப நினைத்தேன். பெட்டியும் என்னோடு எழும்பியது. ரிஸானா என் கைகளைப் பிடித்து இழுத்தாள். அவள்தான் என்னை நோக்கி வந்தாள். பின்னால் வந்து தள்ளினாள், தராசு முனகியது. பள்ளியில் குத்பா முடிந்து தொழுகைக்கு இகாமத் சொல்வது கேட்டது. அந்த இரண்டு ரக்அத் தொழுகை இன்னும் கொஞ்சம் நீளாதா என்று நான் கேட்ட துஆவை அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

தொழுகை முடிகிற நேரம் வெளியில் லொறிச் சத்தம். நீர்கொழும்பிலிருந்து வருகிற சமன். பத்து வருடமாக எங்கள் மீனை ஏற்றுகிற சாரதி. ஜும்ஆ முடிந்ததும் ஏற்றலாம் என்று நேரத்தோடே வந்திருக்கிறான். வாசலால் தலையை நீட்டினான். ஒளிவதற்கு எனக்கு வழி ஏது? கறுப்பு அபாயாவோடு நீலப் பெட்டிக்குள் இருக்கிறேன். சமன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பத்து வருடப் பழக்கம். அவன் கண் நேரே சிவப்பு எண்ணுக்குத்தான் போனது. வாடி அதிரக் கத்தினான்:

“நூத்தி இருவத்தேழு அர!”

கத்திய பிறகுதான் என்னைக் கண்டான். இரண்டு கையையும் தலையில் வைத்தான். “அனே நோனா! பழக்கம் நோனா! நம்பர் கண்டா வாய் சும்மா கத்துது!” என்று சிங்களம் கலந்த தமிழில் சொல்லிக்கொண்டே வெளியே ஓடினான். நேரே பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்த நிஸ்தாரின்மேல் மோதினான். நிஸ்தாரின் பின்னால் வாடியில் வேலை செய்கிற ஏழெட்டுப் பேர்.

நிஸ்தார் உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். உடனே வாசலை மறைத்து நின்றுகொண்டு, “எல்லாரும் கடலப் பாருங்க!” என்றார். அத்தனை பேரும் திரும்பி நின்றார்கள். நல்ல மனிதர்கள், ஒருவர்கூடத் திரும்பவில்லை. ஆனால் காதைக் கடலுக்குத் திருப்ப முடியாதே.

சமன் கத்தியது மாமி வீட்டுக்கும் கேட்டிருந்தது. இத்தனை பெரிய மீன் என்னவென்று பார்க்க முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். மகனைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தவர், என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“மீன் இல்லாத நேரத்துக்கு மருமகள நிறுக்கிறியளா?”

ரிஸானா அழுதுவிட்டாள். எனக்கும் அதற்குமேல் தாங்கவில்லை. பெட்டிக்குள் இருந்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முழங்கால், சீனி, கொழும்பு, சத்திரசிகிச்சை, இனிமேலும் இப்படியே இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது என்பது வரை. கடைசியாகச் சொன்னதை நான் நிஸ்தாருக்கும் சொல்லியிருக்கவில்லை. மாமி முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

“இத ஏன் புள்ள எனக்குச் சொல்லல்ல? நான் என்ன, ஊருக்கா சொல்லப் போறன்?”

வெளியில், கடலைப் பார்த்து நின்ற ஊர் தொண்டையைச் செருமியது.

பிறகு ஒரு குரல், யாருடையது என்று இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை, மிகவும் மரியாதையாகச் சொன்னது: “முதலாளி, பெட்டிக்கு மூணு கிலோ கழிக்கோணும்.”

“அது பழைய பெட்டி. மூணர.” இன்னொரு குரல்.

“அடியில ஐஸ் தண்ணி நிண்டிச்செண்டா அதயும் கழிக்கோணும்.”

“ஒருத்தரும் கணக்குப் பாக்க வேணாம்!” என்று நிஸ்தார் கத்தினார். பிறகு அவரே மெதுவாக, “மூணரதான்” என்றார்.

மாமி அதற்குள் ரிஸானாவை வீட்டுக்கு அனுப்பிப் பாத்திரம் கழுவுகிற சோப்பைக் கரைத்து எடுப்பித்திருந்தார். பெட்டியின் ஓரமெல்லாம் ஊற்றிக்கொண்டே என்னை ஏசினார். “தட்டுல பட்டர் பூசாம மா ஊத்தினா கேக் கழறாது எண்டு ஊருக்கெல்லாம் படிச்சுக் குடுக்கிற நீதானே? ஒனக்குத் தெரியாதா?” பிறகு மாமியும் ரிஸானாவும் “பிஸ்மில்லாஹ்” சொல்லிப் பெட்டியைச் சரித்தார்கள். ஒரு சத்தம் வந்தது. அதை எழுதிக் காட்ட எனக்கு எழுத்துத் தெரியாது. நான் வெளியே வந்தேன். வாசலில் திரும்பி நின்றவர்களில் யாரோ “அல்ஹம்துலில்லாஹ்” என்றார், மற்றவர்களும் சொன்னார்கள்.

கொழும்புக்கு நிஸ்தாரும் நானும் போவதாக இருந்தது. மாமியும் வந்தார். யாரும் அழைக்கவில்லை, விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து வேனில் ஏறியிருந்துகொண்டார். ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் என்னை ஓர் அறைக்குக் கூட்டிப்போனார். நிலத்தோடு நிலமாக, பிடிக்கக் கைப்பிடியும் வைத்து, ஒரு மாடு படுத்து எழும்பலாம்போல ஒரு தராசு. “ஃபோன்ல சொல்ல வந்தன், நீங்க வெச்சிட்டீங்க” என்றார். “இஞ்ச வந்தா நாங்களே நிறுப்பம்.”

ஏறி நின்றேன். நூற்று இருபத்து நாலு.

நிஸ்தார் என் எடைக்குக் கவலைப்படுவார் என்று திரும்பிப் பார்த்தேன். மனிதர் முகமெல்லாம் சிரிப்பு. “கண்டீங்களா? அச்சொட்டு! நம்மட தராசு ஒரு கிராம் பிழைக்கல்ல. இந்தக் கொழும்பு யாவாரிகள்தான் எந்த நாளும் நிறை குறைவெண்டு சொல்றது!”

டொக்டர் நடுத்தர வயது, அமைதியான ஆள். என்ன சாப்பிடுவேன், எப்போது சாப்பிடுவேன், எதற்காகச் சாப்பிடுவேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இதற்கெல்லாம் நல்ல நல்ல பொய்களைப் பல நாளாக யோசித்து வைத்திருந்தேன். ஒன்றையும் எடுக்கத் தோன்றவில்லை. மீன் பெட்டிக்குள் இருந்து மாமிக்கு உண்மையைச் சொன்னவளுக்கு டொக்டரிடம் என்ன வெட்கம்? வெட்டிய துண்டுகள், கோபம் வந்தால் சாப்பிடுவது, சந்தோஷம் வந்தாலும் சாப்பிடுவது, எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். சத்திரசிகிச்சை என்றால் மந்திரம் இல்லை, அதற்கு முன்னால் மாதக்கணக்கில் ஆயத்தம் இருக்கிறது, அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கக் கவனம் இருக்கிறது என்று விளக்கினார். கடைசியில் கேட்டார்:

“வீட்டில உங்களுக்கு உதவியா யார் இருப்பாங்க?”

நிஸ்தார் வாயைத் திறக்குமுன் மாமி சொன்னார்: “நான் இரிப்பன். மீன் தராசில ஒட்டிக்கொண்ட புள்ளய இழுத்தெடுத்ததே நான்தானே!”

டொக்டருக்கு விளங்கவில்லை. மாமி விளக்கினார். எழும்பி நின்று, என்னைப்போல இருந்து காட்டி, சமனைப்போலக் கத்தியும் காட்டினார். டொக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியில் காத்திருந்த நோயாளிகள் கதவைத் திறந்து பார்த்தார்கள். என் எடை கொழும்புக்கும் தெரிந்தது அப்படித்தான்.

சத்திரசிகிச்சை பல மாதம் கழித்து நடந்தது. லேசாக இருக்கவில்லை, ஆனால் நடந்தது. முதல் கிழமைகளில் கரண்டியால் சூப் ஊட்டியவர் மாமி. இன்று நான் தரையில் இருந்து எழும்புவேன், படி ஏறுவேன், கேக்கும் செய்கிறேன். ருசி பார்க்கிற வேலை மகளுக்கு. அவளுக்கு இன்னும் கொள்கைகள் இல்லை.

போன மாதம் ரிஸானாவின் குழந்தையை நிறுக்கக் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். மிட்வைஃப் மிஸ் பிள்ளையைத் தொட்டில் தராசில் கிடத்தி, “ஆறு கிலோ, நல்ல எடை” என்றார். பின்வரிசை வாங்கில் இருந்த மாமி எழும்பினார்.

“மிஸ், பெட்டிக்குக் கழிச்சீங்களா?”

எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் சிரித்த சிரிப்பில் பிள்ளை பயந்து அழத் தொடங்கியது. மிட்வைஃப் மிஸ், பாவம், ஊருக்குப் புதிது. பிள்ளையை ரிஸானாவிடம் கொடுத்துவிட்டு, தராசைத் தூக்கி அடியில் ஏதாவது பெட்டி இருக்கிறதா என்று பார்த்தார்.