தேங்காய் உறங்கிய கட்டில்

"பிள்ளே அமிர்தா! ஆசுபத்திரிக்காரி விளிக்கா!"

வேலிக்கு அப்பால் குளோரி அக்கா கூவியதும், பத்தாம் வகுப்பு அமிர்தா புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். அமரவிளையில் அந்த வரிசையில் போன் உள்ளது குளோரி வீட்டில் மட்டும்தான்.

அப்பா தங்கையனுக்கு உறக்கத்தில் குறட்டை முழங்கும். பிறகு சட்டென்று மூச்சு நின்றுவிடும். அது திரும்பி வரும்வரை அமிர்தாவும் மூச்சுவிடமாட்டாள். அதற்காகத்தான் மூக்கில் மாட்டிக் காற்றடிக்கும் மெஷின் ஒன்று ஆஸ்பத்திரி வழியாக வந்திருந்தது. எவ்வளவு நேரம் ஓடியது என்று அதிலுள்ள மீட்டர் காட்டும். காலையில் திருவனந்தபுரத்து சிஸ்டர் அந்த எண்ணைப் போனில் கேட்பாள்.

"மோளே, நேத்தைக்கும் இன்னைக்கும் ஒரே நம்பரா? அச்சன் மாட்டலன்னா மெஷின் தந்த ஆளு திரும்பி வாங்கும், கேட்டோ."

வீட்டில் தங்கையன் மெஷினை முறைத்தார்.

"நான் மாட்டல்லன்னு அவளுக்கு எப்பிடித் தெரியும்? இந்த சவத்துக்குள்ள ஆரோ ஒளிஞ்சிருந்து பாக்கான்."

"நம்பரை நான்தானே அப்பா சொன்னேன்!"

"நீயுமா மக்களே?"

அவர் சைக்கிள் கடைக்குப் போனதும், மீட்டரையாவது ஓட்டிவிடலாம் என்று அமிர்தா மெஷினைப் போட்டாள். மூக்கில்லாத குழாய் சீறிக்கொண்டு துள்ளியது. ஒரு தேங்காயில் முகமூடியைக் கட்டி, கட்டிலில் கிடத்தி, போர்வையும் போர்த்தினாள்.

ஜன்னலுக்கு வெளியே, வேலிக்கு மேல் குளோரியின் தலை.

"தேங்காய்க்கு என்ன பிள்ளே, சொகமில்லியா?"

மறுநாள் அமிர்தா கூடிய எண்ணைப் பெருமையாகச் சொன்னாள்.

"கொள்ளாம், நல்ல நம்பரு," என்றாள் சிஸ்டர். "தேங்ஙா நல்லோணம் ஒறங்ஙியோ?"

அமிர்தா ரிசீவரோடு திரும்பிப் பார்த்தாள். குளோரி அக்கா அடுப்பைப் பார்ப்பதுபோல் உள்ளே போய்விட்டாள்.

கேட்டதும் தங்கையன் குதித்தார்.

"பாத்தியா! வேலியைத் தள்ளிப் போட்டேன்னு அண்ணைக்கே அந்தக் குளோரிக்கு எம்மேல கெறுவு, தீராத கோவம். தேங்காய்க் கதையை ஒத்து சொல்லிக் குடுத்து மெஷினைப் பறிக்கப் பாக்கா. இன்னைக்கு நான் மாட்டிட்டுத்தான் ஒறங்குவேன். ஒளிஞ்சு பாத்துச் சாவட்டு!"

மாட்டினார். விடியும்வரை குறட்டையே இல்லை. பயந்துபோன அமிர்தா இரண்டு முறை அவர் மூக்குக்குப் பக்கத்தில் காதை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்துகொண்டே இருந்தது.

காலையில் குளோரி வீட்டுக் கதவு திறக்கவில்லை. போன் வந்தது என்ற கூவலும் இல்லை.

"தோத்துப் போயி கெடக்கா!" என்று தங்கையன் மீசையைத் தடவினார்.

அப்போது மெஷினைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்த சஜி ஆஸ்பத்திரி ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். அமிர்தா ஓடிப்போய் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"கொண்டு போவாதீங்க அண்ணா! நேத்து அப்பா மாட்டினாரு, சத்தியமாட்டு!"

"அட, பில்டர் மாத்த வந்தேன் பிள்ளே," என்றான் சஜி. "குளோரி சேச்சி வாங்கித் தந்த மெஷினை நான் எதுக்கு எடுக்கப்போறேன்? உங்க அப்பனுக்க குறட்டையில ஒரு வருஷமாட்டு அவங்க கண்ணடச்சதில்லையாக்கும்."