ஏழு கிலோமீட்டர் இயற்கை

வரைபடத்தில் பாதை இருந்தது. தரையில் தண்ணீர்தான் இருந்தது.

உச்சிமாகாளி கையிலிருந்த வழவழப்பான தாளை நேராகப் பிடித்துப் பார்த்தாள், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். எப்படிப் பிடித்தாலும் வெள்ளாயணிக் காயல் ராத்திரி மழையில் ஏறி வந்து, அவள் மூன்று வாரம் நடந்து அளந்து குறித்த முதல் முந்நூறு மீட்டரை விழுங்கிவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளைபோல் தாமரை இலைகளை ஆட்டிக்கொண்டிருந்தது.

மணி காலை ஐந்து ஐம்பது. ஃபோனை எடுத்தாள்.

"சார், பாதை முங்கிப்போச்சு."

"முங்கிடுத்தா?" கரமனையில் முதலாளி கௌசிக் காபி உறிஞ்சும் சத்தம் கேட்டது. "முங்காத பக்கமா கூட்டிண்டு போ உமா. இதையெல்லாமா ஃபோன் பண்ணிக் கேப்பா?"

உச்சிமாகாளி என்று கூப்பிட்டால் கிளையண்ட் பயந்துவிடுவார்களாம். அதனால் ஆபீஸில் அவள் உமா. அவள் குடும்பத்திலேயே முதல் டிகிரிக்காரி. சர்டிஃபிகேட்டில் முழுப்பேரும் ஒரு எழுத்து விடாமல் இருக்கிறது. பல்கலைக்கழகம் பயப்படவில்லை, கௌசிக் பயப்படுகிறார்.

காயல், வாய்க்கால், பூங்கா என்று பார்த்துக்கொண்டே ஓட வழி காட்டுவதுதான் கௌசிக்கின் கம்பெனி. ஓடுவதற்கும் ஆள் வைத்து வழி கேட்கிற ஒரு கூட்டம் ஊருக்குள் வந்துவிட்டது. அவள் அப்பா நயினார் கட்டடச் சாரத்தில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஏறி இறங்குகிறார். அதற்கு யாரும் மெடல் போட்டதில்லை.

"சார், வர்றவர் பேரு என்ன?"

"பேரெல்லாம் போடலை. பெங்களூர் கம்பெனி. அடுத்த மாசம் இருநூறு பேரைக் கூட்டிண்டு வந்து ஓடப்போறா. அதுக்கு முன்னாடி ஒருத்தர் வந்து ஓடிப் பாப்பார், ஆறு மணிக்குக் காயல்கரைல நிப்பார்னு மெயில்ல இருக்கு. விடியக்காலம் ஷூ மாட்டிண்டு அங்க வேற எவன் நிப்பான்? நான் பூங்கால, முடியற இடத்துல பொக்கேயோட இருப்பேன். அவர் திருப்தின்னு ஃபாரத்துல கையெழுத்து போட்டா, உன்னை நிரந்தரமாக்கற லெட்டர்ல அங்கேயே நான் கையெழுத்து போட்டுடறேன்."

"போடலைன்னா?"

"இந்த மாசத்தோட வேற இடம் பாத்துக்கோ. வெச்சுடட்டுமா?"

வைத்துவிட்டார்.

திரும்பினால், கரையில் ஒருத்தன் நின்றான். இருபத்தைந்து வயது இருக்கும். ஷூவும் மாட்டியிருந்தான். உச்சிமாகாளி தொப்பியைச் சரிசெய்து, கழுத்தில் விசிலும் கையில் அட்டையும் ஸ்டாப்வாட்சுமாக அவன் முன்னால் போய் நின்றாள்.

"ஓட்டத்துக்கு வந்தவரா?"

அவன் சட்டென்று விறைப்பானான். "ஆமா மேடம். ஆறு மணின்னு சொன்னாங்க."

"பேரு?"

"பிரஜின், மேடம்."

அட்டையில் எழுதிக்கொண்டாள். ஒன்று என்று அச்சடித்த துணியை அவன் நெஞ்சில் ஊக்கால் குத்தினாள். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

"மத்தவங்க யாரும் வரலியா மேடம்?"

"இன்னைக்கு நீங்க ஒருத்தர்தான். பாக்கி பேர் அடுத்த மாசம்."

"நான் மட்டுமா?" அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தனி மரியாதை என்றதும் எப்படிப் பூரிக்கிறான் பார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷூவைப் பார்த்தாள். முன்பக்கம் வாய் பிளந்து, நூல் போட்டுத் தைத்திருந்தது. இப்போது கிழிந்ததைத்தான் கூடுதல் விலைக்கு வாங்குகிறார்கள்.

"எங்கேருந்து வர்றீங்க சார்?" என்று மரியாதைக்குக் கேட்டாள்.

அவளுடைய 'சார்' அவனைத் தூக்கிவாரிப் போட்டது. "சாரா? ஐயோ மேடம். எஸ்டேட்ல இருந்து. மூணு தலைமுறையா அங்கதான்."

மூணு தலைமுறையா எஸ்டேட்! சும்மாவா ஓடுகிறான்? வேலை இல்லாதவன் ஓடத்தான் செய்வான்.

விசிலை ஊதினாள். அவன் பாய்ந்தான். நேரே தண்ணீருக்குள்.

"அங்க இல்ல சார்! இப்படி, வாழைத்தோட்டம் வழியா!"

வாழைக்கு நடுவே அவன் முன்னால் ஓட, அட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினாள். பத்து வரிசை தாண்டவில்லை, அவன் ஷூ ஒரு வாழைக்கன்றை மிதித்துவிட்டது.

"ஆராடா என்றெ வாழைக்கன்னைச் சவிட்டுறது?"

தோட்டக்காரி ஷிஜா சேச்சி கையில் அரிவாளோடு எழுந்து நின்றாள். அவள் காலடியில் அப்போதுதான் வெட்டிய நேந்திரன் குலை ஒன்று கிடந்தது.

"சேச்சி, நான்தான். பாதைல வெள்ளம். இன்னைக்கு ஒரு நாள் மட்டும்."

"நீயா மோளே? போய்க்கோ. ஆனா சும்மா போகண்டா. ஆ பையன் நல்ல ஆரோக்கியமாயிருக்கான். இந்தக் குலையை வாய்க்கால் முக்குச் சாயக்கடைல இறக்கிட்டுப் போகச் சொல்லு."

உச்சிமாகாளி அவனைத் திரும்பிப் பார்த்தாள். இருநூறு பேர் கம்பெனியின் ஆளிடம் வாழைக்குலையைத் தூக்கச் சொல்வதா? முடியாது என்றால் சேச்சி வழிவிட மாட்டாள். யோசிப்பதற்குள் அவனே கேட்டான்.

"இதைத் தூக்கிட்டு ஓடணுமா மேடம்?"

"அது... ஆமா சார். இந்த ஊர் அனுபவம்."

"எத்தனை கிலோ?"

"பன்னிரண்டு இருக்கும்."

"சரி மேடம்" என்று தோளில் ஏற்றிக்கொண்டு அவன் ஓடினான். ஜிம்முக்குக் காசு கட்டித் தூக்குகிறவனுக்கு இது ஓசியில் கிடைத்த கனம் போலும்.

ஆனால் குலை தனியாகப் போகவில்லை. தோட்டத்து முனையில் மேய்ந்த பசு ஒன்று தலையைத் தூக்கியது, குலையைப் பார்த்தது, கயிற்றோடு கட்டையையும் பிடுங்கிக்கொண்டு கிளம்பியது. முதலில் நடந்தது. பிறகு அதுவும் ஓடியது.

"மேடம், பசுவும் உண்டா?"

"கண்டுக்காதீங்க சார்! இயற்கை!"

இயற்கை அவன் தோளிலிருந்து இரண்டு காயைக் கடித்து இழுத்தது. டீக்கடைக்குத் திரும்பும் வழியில் பசு குறுக்கே போய் நின்றுவிட்டது. வேறு வழியில்லை. வாய்க்காலின் குறுக்கே ஒற்றைத் தென்னந்தடி கிடந்தது. பசு அதில் ஏறாது என்று கணக்குப் போட்டாள்.

"சார், இதுல தாண்டிடுங்க!"

பசு ஏறவில்லைதான். மழையில் ஊறிய தடி, பாசியோடு சேர்ந்து சோப்புக்கட்டியாக இருந்தது. உச்சிமாகாளி தவழாத குறையாக அக்கரை சேர்ந்தபோது இடுப்பில் ஃபோன் அடித்தது. தெரியாத நம்பர். காலங்காத்தாலே லோன் வேணுமா என்று கேட்கிறவனைத் திட்டக்கூட நேரமில்லை என்று துண்டிக்கப் போனாள். ஈரக் கையிலிருந்து ஃபோன் வழுக்கி, ஒரு குட்டிக்கரணம் போட்டு, ஆகாயத்தாமரை நடுவில் விழுந்து, அடித்துக்கொண்டே மூழ்கியது.

"ஐயோ!"

அந்தச் சத்தத்துக்குத் தடி நடுவில் நின்ற பிரஜின் திரும்பினான். தடி உருண்டது. இடுப்பளவு சேற்றில் நின்றான், குலை மட்டும் தலைக்கு மேலே.

"நடக்கணுமா, நீந்தணுமா மேடம்?"

"உங்க இஷ்டம் சார்!" என்று அழாத குறையாகச் சொன்னாள்.

அவன் ஒரு கையால் குலையை உயர்த்திப் பிடித்து, மறுகையால் நீந்தி வந்தான். கரையேறியதும் ஸ்டாப்வாட்சை எட்டிப் பார்த்தான். "நேரம் போயிடலையே மேடம்?"

கோபமே இல்லை! இவர்கள் இப்படித்தான். முகத்துக்கு நேரே சிரிப்பார்கள், ஹோட்டலுக்குப் போய் மெயிலில் கழுத்தை அறுப்பார்கள். சேறும் சாக்கடை வாடையுமாக இவனைக் கௌசிக் முன்னால் நிறுத்தினால் லெட்டரை அங்கேயே கிழித்துவிடுவார். எப்படியாவது கழுவ வேண்டும்.

வாய்க்கால்கரை ரோட்டில் மீன்காரர் தாசையன் பைக்கை நிறுத்தி பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு வாளித் தண்ணி இருக்குமா? இவர் மேல ஊத்தணும்."

"ஏம்மா, புள்ளைக்கு என்ன வேண்டுதலா?" கேட்டுக்கொண்டே கையில் கிடைத்த வாளியைக் கவிழ்த்தார் தாசையன். சேறு போனது. பிரஜின் பல் கிட்ட நடுங்கினான்.

உச்சிமாகாளி மூக்கைச் சுளித்தாள். "அண்ணாச்சி, இது என்ன தண்ணி?"

"நேத்து சாளை மீன்ல ஐஸ் உருகின தண்ணிம்மா. நீ நல்ல தண்ணின்னு கேக்கலியே?"

கிணறு வெட்டப் பூதம் வந்தது என்பார்கள். இங்கே நாய் வந்தது. முதலில் ஒன்று, எதிர்வீட்டுப் படியிலிருந்து மூக்கைத் தூக்கிக்கொண்டு. பிறகு இரண்டு. மீன் வாடையோடு ஓடும் மனிதனை அவை வாழ்நாளில் பார்த்திருக்காது. உச்சிமாகாளி கிளையண்டுக்காக வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துத் தூர எறிந்தாள். அவை தின்றன. தின்னும் சத்தம் கேட்டு அடுத்த தெருவிலிருந்து ஐந்து வந்தன. பிஸ்கட் தீர்ந்ததும் எட்டும் இவர்களை ஏறிட்டுப் பார்த்தன.

"மேடம்," பிரஜின் குரல் தாழ்ந்தது. "நாய்க்கு நின்னா நேரம் கழிப்பீங்களா?"

"நிக்காதீங்க! ஓடுங்க சார்!"

ஓடினார்கள். காலை ஓட்டம் என்றால் அதுதான் ஓட்டம். வரைபடத்தில் 'ஐந்தாம் கிலோமீட்டர்: மென்னடை, பறவைகளை ரசிக்கவும்' என்று அவளே எழுதிய இடத்தைக் கண் மூடித் திறப்பதற்குள் கடந்தார்கள். பூங்காவின் பின்கேட்டுக்குள் நுழைந்து பிரஜின் கதவைச் சாத்தினான். உச்சிமாகாளி அப்பாடா என்று காலை வைத்த இடத்தில் குழி இருந்தது. கணுக்கால் மடங்கிவிட்டது.

புல்லில் உட்கார்ந்தாள். இன்னும் ஒரு கிலோமீட்டர். பூங்காவைச் சுற்றினால் அங்கே கௌசிக்.

"சார், நீங்க போங்க. நான் மெதுவா வர்றேன்."

பிரஜின் யோசித்தான். அவளைப் பார்த்தான், குலையைப் பார்த்தான். "மேடத்தையும் தூக்கணுமா?"

"என்னது?"

"பரவால்ல மேடம். அடிபட்டவங்களத் தூக்கிப் பழகியிருக்கேன்."

அவள் வேண்டாம் என்று வாயைத் திறப்பதற்குள் ஒரு தோளில் அவளும் மறுதோளில் குலையுமாக எழுந்துவிட்டான். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? அவள் அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டாள். நடைபயிற்சிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மரத்தடியில் வட்டமாக நின்று சிரித்துப் பயிற்சி செய்யும் சிரிப்பு கிளப் சட்டென்று நின்றுபோய், பிறகு முதல் தடவையாக நிஜமாகச் சிரித்தது.

தோளில் இருந்தபடி அவளுக்கு ரோஷம் ஒரு பக்கம், ஆச்சரியம் ஒரு பக்கம். மூணு தலைமுறைப் பணக்காரன் முகம் சுளிக்கவில்லை. சரி, கேட்டுவிடலாம்.

"சார். நடந்ததெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. எனக்கு இந்த வேலை நிரந்தரமாகணும். அப்பாவால இனிமே சாரம் ஏற முடியாது. அதான்."

அவன் மூச்சிரைக்கச் சொன்னான். "எனக்கும் அதேதான் மேடம்."

கேலி பண்ணுகிறான். எஸ்டேட்காரனுக்கு என்ன நிரந்தரம் வேண்டிக்கிடக்கிறது? இறக்கிவிடு என்று கத்தலாம் போலிருந்தது. கால் வலித்தது. கத்தவில்லை.

முடிவுக்கோட்டில் கௌசிக் பட்டு ஜிப்பாவில், பொக்கேயோடு நின்றார். வருவது மனிதனா தேரா என்று முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் வாய் திறந்தபடி நின்றது.

பிரஜின் கோட்டைத் தாண்டினான். அவளை மெல்ல இறக்கினான். குலையை அவள் பக்கத்தில் வைத்தான். பிறகுதான் முழங்காலில் கையூன்றிக் குனிந்தான். அவள் ஸ்டாப்வாட்சை அமுக்கினாள். ஐம்பத்தொரு நிமிஷம்.

"சார்!" கௌசிக் ஓடிவந்து பொக்கேயை நீட்டினார். மீன் வாடை அடித்ததும் அரையடி பின்னால் போனார். பணம் அவரை மறுபடி முன்னால் தள்ளியது. "எக்ஸ்பீரியன்ஸ் எப்படி இருந்தது? கஷ்டமா இருந்துதா?"

"கஷ்டம்தான் சார். ஆனா குறை சொல்ல மாட்டேன். மேடம் கூடவே ஓடிவந்தாங்க. எந்த மேடமும் அப்படி ஓட மாட்டாங்க."

கௌசிக் அவளைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அவள் பார்த்து இதுவரை அவர் அப்படிச் சிரித்ததில்லை. ஜிப்பாப் பையிலிருந்து அவளுடைய லெட்டரை உருவி, இடக்கையில் பிடித்துக்கொண்டார். வலக்கையால் ஃபாரத்தையும் பேனாவையும் பிரஜின் முன்னால் நீட்டினார். உச்சிமாகாளி ஒற்றைக்காலில் எழுந்து நின்றாள்.

"இந்த இடத்துல ஒரே ஒரு கையெழுத்து சார்."

பிரஜின் பேனாவை வாங்கவில்லை. குழப்பத்தோடு அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குனிந்து, சாக்ஸுக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் உறையில் நனையாமல் மடித்து வைத்திருந்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்து, இரண்டு கையாலும் பணிவாக நீட்டினான்.

"நான் எதுக்கு சார் கையெழுத்து போடணும்? வனக்காவலர் வேலைக்கான ஓட்டப் பரீட்சைக்கு வந்தவன் நான், ஹால் டிக்கெட்ல நீங்கதானே பாஸ்னு போடணும்?"