சொந்தக்காரர் இல்லாத ரோடு

ஒரே ரோட்டில் இரண்டாம் தடவை போவதைக் குற்றமாகக் கருதிய மனிதர், நான் அறிந்தவரை உலகத்திலேயே ரூட்டு காக்கா ஒருத்தர்தான். கீழக்கரையில் காக்கா என்றால் அண்ணன். ரூட்டு, ஷார்ஜாவில் நாங்கள் சேர்த்தது. அங்கே அவர் கம்பெனி வேன் ஓட்டினார், நான் பின் சீட்டில் தூங்கினேன். கேம்ப்பிலிருந்து வேலைத்தலம் பதினைந்து நிமிஷம். காக்கா எங்களுக்கு மணல்மேடு, ஒட்டகம், யாரோ ஒருவருடைய பேரீச்சந்தோப்பு எல்லாம் காட்டி ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். போர்மேன் கத்துவார். "வேலை எங்கயும் ஓடிறாது தம்பி, சூரியன் போயிரும்" என்பார் காக்கா.

நான் ஊர் திரும்பி ராமநாதபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் அடங்கிவிட்டேன். காக்கா அடங்கவில்லை. போன வருஷம் லீவில் வந்திருந்தவர், திங்கட்கிழமை விமானம் என்றிருக்கையில், வெள்ளிக்கிழமை கடைக்கு வந்து மேஜையில் ஒரு வரைபடத்தை விரித்தார்.

"நாளைக்கு மதுரையிலருந்து வாடகைக்கு ஒரு காரு வருது. செவப்பு. மேல திறந்துக்கும். உன் மதினியத் தனுஷ்கோடிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீதான் ஓட்டுற."

"நானா? நீங்கதானே டிரைவரு?"

"இங்க ஸ்டியரிங்கு தப்பான பக்கத்துல இருக்குலே."

வரைபடத்தில் கீழக்கரையிலிருந்து மண்டபம் வரை கடலோரம் முழுக்க அம்மை போட்டது போல் சிவப்புப் புள்ளிகள்.

"பார்க்க வேண்டிய எடமா காக்கா?"

"பார்க்கவே கூடாத எடம். பூராம் சொந்தக்காரங்க வீடு."

விஷயம் இதுதான். வெளிநாடு புறப்படுகிறவர் சொந்தக்காரர் வீடு வீடாக ஏறிப் பயணம் சொல்ல வேண்டும். சொன்னால் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் தேநீர் வரும், தேநீரைத் தொடர்ந்து சோறு வரும். ஒரு வீட்டை விட்டுவிட்டால் அந்த வீட்டில் அடுத்த கல்யாணம் வரை முகம் திரும்பியே இருக்கும். கல்யாணமான வாரத்திலேயே மனைவிக்குத் தனுஷ்கோடி காட்டுவதாக வாக்குக் கொடுத்தவர் காக்கா. அதற்கப்புறம் பத்தொன்பது லீவு. ஒவ்வொன்றின் கடைசி வாரத்தையும் தேநீர் குடித்தே தீர்த்தார். இந்தத் தடவை மிச்சமிருந்தது ஒரு சனிக்கிழமை மதியம். ஐந்து மணிக்கு மேல் தனுஷ்கோடி செக்போஸ்டில் வண்டியை உள்ளே விடமாட்டார்கள்.

"கடலோரம் வேணாம். உள்ளுக்குள்ள போவோம். கண்மாய்க்கரை, பனங்காடு. சொந்தக்காரங்க இல்லாத ரோடுதான் அழகான ரோடு."

"அது சரி காக்கா. யாரும் பார்க்கக் கூடாதுன்னா மேல திறந்த காரு எதுக்கு?"

என்னைப் பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார். "அத நீ மொதல்லயே சொல்ல வேணாமா?" என்றார்.

மறுநாள் நான் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் என் விரல்களில் ரத்தம் நின்றுபோயிருந்தது. அந்தக் காரில் எனக்குத் தெரிந்த ஒரே சாமான் ஹாரன்; திறந்த கூரையை மூடும் வித்தை தெரியவில்லை. மதினி பின் சீட்டில் கறுப்புக் கண்ணாடி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காக்கா அவர் காலடியில் போர்வை மூடிப் படுத்திருந்தார்.

உள்கிராமத்துச் சனங்கள் எங்களைத் தேர்தல் பிரசாரம் என்றே முடிவு கட்டினார்கள். ஒருவர் கும்பிட்டார். ஒரு அம்மாள் காலிக் குடத்தோடு வழிமறித்து, "ஓட்டு மட்டும் வாங்கிட்டுப் போயிருறீக, இங்கன தண்ணி வந்து பதினஞ்சு நாளாச்சு!" என்றாள்.

மதினி கண்ணாடியைக் கழற்றாமலே, "பார்ப்போம்மா" என்றார். போர்வை குலுங்கிச் சிரித்தது.

உச்சிப்புளிப் பக்கம் ரயில் கேட் மூடியிருந்தது. மணி மூன்றரை. பக்கத்தில் ஒரு மொபெட் வந்து நின்றது. அதில் மதினியின் பெரிய மாமா.

காரை மூடிவிடலாம் என்று கைக்கு அகப்பட்ட பட்டனையெல்லாம் அமுக்கினேன். வைப்பர் ஆடியது. ரேடியோ அலறியது. என் சீட் மெதுவாகப் பின்னால் நகர்ந்து போர்வையை நசுக்க, "யா அல்லாஹ்!" என்றது போர்வை.

"அது என்ன தம்பி?" என்றார் மாமா.

"சாமான்" என்றேன்.

"சாமானு வாட்ச்சு கட்டிருக்கே?"

காக்கா எழுந்து உட்கார்ந்து ஸலாம் சொன்னார். மாமாவின் மீசை துடித்தது. "பயணம் சொல்லாமப் போறீகளா மாப்ள? திருப்புங்க வண்டிய. வீட்டுல ஆட்டுக்கறி வெந்துக்கிட்டு இருக்கு."

காக்காவின் முகம் விழுந்தது. இருபதாவது லீவும் போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் மதினி வாயைத் திறந்தார்.

"மாமா, நாங்க கடல் பாக்கப் போறோம்."

"நம்ம வீட்டுக்குப் பின்னாலயே கடலுதானேம்மா?"

"இருக்கு. அங்கன எங்க ரெண்டு பேரையும் ஒரு நாளு தனியா உட்கார விட்டிருக்கீகளா?"

ரயில் கடந்தது. கேட் திறந்தது. பின்னாலிருந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. மாமா சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, "நீ போ தாயி. நிக்காமப் போ" என்றார்.

அந்தப் போன் எங்களை முந்திக்கொண்டு ஓடியது. வேதாளையிலிருந்து மண்டபம் வரை ரோட்டோரத்தில் சொந்தங்கள் வரிசை கட்டி நின்றன. "நிக்காத, நிக்காத, ஓட்டு!" என்று என்னை அதட்டினார்கள். நான் மெதுவாக உருட்ட, காக்கா பின் சீட்டில் எழுந்து நின்று இரண்டு பக்கமும் பயணம் சொன்னார். திறந்த காருக்குள் தொதல் அல்வாப் பொட்டலம், ஊறுகாய் டப்பா, கண்ணீர், நல்லபடியாகப் போய்வர துஆ எல்லாம் வந்து விழுந்தன. ஒரு மாசிக் கருவாட்டுப் பொட்டலம் குறி தவறி என் பிடரியில் இறங்கியது. "பாஸ்போர்ட்ட மறந்துறாத மச்சான்!" என்று யாரோ கத்தினார்கள். பத்தொன்பது லீவு விழுங்கிய வேலை இருபது நிமிஷத்தில் முடிந்தது.

பாம்பன் பாலத்தை நான் கந்தசஷ்டி விரதக்காரன் போல் கவசம் முணுமுணுத்தபடியே கடந்தேன். நாலு ஐம்பதுக்கு செக்போஸ்டைத் தாண்டினோம்.

ரோடு முடிகிற இடத்தில் இருவரும் இறங்கினார்கள். "பத்து நிமிஷம்லே" என்று சொல்லிவிட்டுக் காக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். மதினியும் எடுத்துக்கொண்டார். மணலில் நடந்து நடந்து இரண்டு பேரும் சின்னதாகிப் போனார்கள்.

அரை மணி நேரம் கழித்துப் போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு வந்தார். காக்கிச் சட்டையைக் கண்டாலே கை கட்டிக்கொள்கிற ஆள் நான்.

"கிளம்புங்க, கிளம்புங்க. எல்லா வண்டியும் போயாச்சு."

"ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது சார்" என்றேன், சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.